மேல் தோட்டா

காகிதம் ஒன்றுதான். அதில் நான்கே வரி. அது காற்றில் பறந்துவிடாமல் இருக்க உப்பு ஜாடியைத் தூக்கி மேலே வைத்துவிட்டு, சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் எண்ணெயக்காவின் புருஷன்.

‘என் பொறுப்பில் இருந்த துப்பாக்கியை முறைப்படி துடைத்து எண்ணெயிடத் தவறியதால்தான் அது அடைத்துக்கொண்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.’

கீழே கையெழுத்துக்காக ஒரு புள்ளிக்கோடு.

எண்ணெயக்கா இரண்டு தரம் படித்தாள். கல்குவாரியில் லாரி டிரைவர்கள் முதல் மேலாளர்வரை அவளுக்கு அதுதான் பெயர். வெடிமருந்துக் கிடங்குக் காவலர்களின் பதினெட்டுத் துப்பாக்கிகளையும் கழற்றித் துடைத்து எண்ணெய் போட்டு மாட்டுவது அவள் வேலை. எந்த சோப்புக்கும் அந்த வாசனை அவள் விரல்களை விட்டுப் போனதில்லை.

“போடப் போறீங்களா?”

“போட்டா வாசல் கேட்டுக் காவலுக்கு இறக்கிடுவாங்களாம். போடலேன்னா வீட்டுக்கு.”

“யாரு சொன்னது?”

“கைக்குட்டைதான்.”

கைக்குட்டை என்பது கிடங்குக் காவலர்களின் கண்காணிப்பாளர். வெள்ளைக் கைக்குட்டையைத் துப்பாக்கிக்குள் விட்டு எடுத்து, அதில் ஒரு பொட்டு அழுக்கு தெரிந்தாலும் ஆளை வரிசையிலிருந்து வெளியே நிறுத்துகிறவர். காவலர்கள் வைத்த பெயர். அவருக்கும் தெரியும். பெருமையாகக்கூட இருந்தது.

“துடைக்கத் தவறினது யாருன்னு எழுதியிருக்கு?”

“நான்.”

“துடைச்சது யாரு?”

அவர் புள்ளிக்கோட்டைப் பார்த்தார். பேச்சில் அவர் எப்போதுமே சிக்கனம்.

“சொல்லுங்களேன். அந்தத் துப்பாக்கியை முந்தின நாள் சாயங்காலம் துடைச்சு மாட்டினது யாரு?”

“நீ.”

“அப்போ இது உங்க கையெழுத்துல என் மூஞ்சில காறித் துப்புற காகிதம். அடுப்புல போடுங்க.”

அவர் அடுப்பிலும் போடவில்லை, கையெழுத்தும் போடவில்லை. உப்பு ஜாடியை மட்டும் காகிதத்தின் நடுவுக்கு நகர்த்தி வைத்தார்.

விசாரணைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

நடந்தது இவ்வளவுதான். ஐந்து நாட்களுக்கு முன், விடிந்து சூரியன் குவாரி விளிம்புக்கு மேல் ஒரு முழம் ஏறியிருந்த நேரம். காலைக் காவல் மாறிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கிடங்கின் பின்வேலியை நாலு பேர் கத்தரித்துக்கொண்டிருந்தார்கள். காவலில் இருந்தது இரண்டு பேர்: எண்ணெயக்காவின் புருஷன், எண்ணெயக்காவின் தம்பி. தம்பி கையில் வெறும் தடி. “மாமா, நீங்க மேல ஒரு வெடி போடுங்க. நான் போய் மடக்கறேன்” என்று அவன் ஓடினான். மாமா வானத்தைப் பார்த்து ஒரு வெடி போட்டார். நாலு பேரும் கைகளை உயர்த்தினார்கள்.

அடுத்ததாக அவர் விசையை அழுத்தியபோது எதுவும் நடக்கவில்லை. வெடித்த தோட்டாவின் கூட்டை வெளியே எடுக்கிற போல்ட்டைப் பிடித்து இழுத்தார். அது பாதி வழியில் சிக்கிக்கொண்டு வர மறுத்தது. அவர் அதோடு மல்லுக்கட்டுவதை நாலு பேரும் பார்த்தார்கள். உயர்த்திய கைகளில் இரண்டு கீழே இறங்கி ஓர் இரும்புக் கம்பியை எடுத்தன. தம்பியின் வலது முழங்கை இரண்டு இடத்தில் முறிந்தது. சங்கு ஊதிய பிறகுதான் அவர்கள் ஓடினார்கள்.

துப்பாக்கி அப்படியே ஆயுத அறைக்கு வந்தது. வாய்ப்பக்கம் கம்பியை விட்டுத் தட்டி, உள்ளே ஒட்டிக்கொண்டிருந்த வெடித்த கூட்டை வெளியே தள்ளியது எண்ணெயக்காதான். தம்பியை அதற்குள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருந்தார்கள். எதையும் உற்றுப் பார்க்கிற நிலையில் அவள் இல்லை. கூட்டைக் காலிக்கூடு போடுகிற தகர டப்பாவில் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

ஆஸ்பத்திரி வார்டில் ஜன்னலோரக் கட்டில். தம்பியின் கை கட்டுப் போட்டு மேலே ஒரு கொக்கியில் தொங்கியது. அவள் முட்டையை உரித்து உப்பு தொட்டு அவன் வாயில் வைத்தாள்.

“மாமா வரலையா?”

“வாசல் வரைக்கும் வந்தாரு. உள்ள வர மாட்டேங்கிறாரு.”

“ஏன், நான் என்ன கடிச்சுத் துப்பிடவா போறேன்? வரச் சொல்லுக்கா. வீட்ல இவ வேற அவர் மூஞ்சிலேயே முழிக்க மாட்டேன்னு நிக்கிறா.”

கட்டிலின் கால்மாட்டில் நின்ற தம்பி பொண்டாட்டி விசுக்கென்று திரும்பினாள். “ஆமா, நிக்கிறேன். அண்ணி, நீங்க தப்பா நினைச்சாலும் சரி. துப்பாக்கியைப் பிடிச்சுக்கிட்டு மனுஷன் பொம்மையா நின்னாரு. அடி வாங்கினது இவரு.”

“பொம்மையா நிக்கலடி. சீமாட்டி மக்கர் பண்ணிட்டா” என்றான் தம்பி.

“அது யாரு சீமாட்டி?”

தம்பி சிரித்தான். சிரித்ததில் கை வலித்து முகம் கோணியது. “இங்க மூணு ரகம் இருக்கு. பழசு ஒண்ணு, மரக்கட்டை வெச்சது. ஒவ்வொரு வெடிக்கும் நாமளே கையால போல்ட்டை இழுத்துத் தள்ளணும். அது பேரு கட்டை. சைக்கிள் மாதிரின்னு வெச்சுக்கோ. மிதிச்சாத்தான் போகும், ஆனா எங்கேயும் நிக்காது. சேத்துல போட்டு எடு, மண்ணுல புரட்டு, உள்ளங்கையால ஒரு அடி குடுத்தா வழிக்கு வந்துடும்.”

“ரெண்டாவது?”

“சீமாட்டி. சுட்டா அதுவே பழைய கூட்டைத் தூக்கி எறிஞ்சுட்டு அதுவே அடுத்ததை ஏத்திக்கும். பட்டனைத் தட்டினா வேலை நடக்கும். ஆனா பவிசு ஜாஸ்தி. தூசு ஆகாது, அழுக்கு ஆகாது. எட்டு மாசமா எங்களுக்கு அதைத்தான் குடுத்திருக்காங்க.”

“மூணாவது கறுப்பன்” என்றாள் எண்ணெயக்கா. “உள்ள எல்லாம் கொஞ்சம் லொடலொடன்னுதான் இருக்கும். அதனாலயே தூசு போனாலும் ஓடும். குறிதான் சுமார்.”

“சுமாரா? நூறு அடியில பீப்பாயை அடிக்கச் சொன்னா பீப்பாய்க்குச் சொந்தக்காரனை அடிக்கும்” என்றான் தம்பி. “நம்ம கைக்கு எது உத்தரவாதம்னு கேட்டா நான் கட்டைன்னுதான் சொல்வேன். அன்னிக்கு மாமா கையில கட்டை இருந்திருந்தா என் கை இன்னிக்குத் தொங்காது.”

“அதை மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன்டா. சீமாட்டியை தினம் பிரிச்சு மேயறவ நான். ஒரு தூசு இல்ல. போன மாசம் பயிற்சியில நாற்பது வெடி போட்டாங்க. ஒண்ணுகூட நிக்கல.”

“அப்போ ஏன் அன்னிக்கு நின்னா?”

அந்தக் கேள்வி ஆஸ்பத்திரியிலிருந்து குவாரிவரை ஒரு மைல் தூரமும் அவள் கூடவே நடந்து வந்தது. சுண்ணாம்புத் தூசி காற்றில் பறந்து, பாதையோரப் புல்லெல்லாம் நரைத்துக் கிடந்தது.

ஆயுத அறையில் அந்தத் தகர டப்பாவைக் கவிழ்த்தாள். பயிற்சியில் சுட்ட காலிக் கூடுகள் நாற்பது. அத்தனையும் அடி விளிம்பு வட்டமாக, வழவழவென்று இருந்தன. நாற்பத்தொன்றாவது அப்படி இல்லை. தோட்டாவின் அடியில் உள்ள விளிம்பைத்தான் போல்ட்டின் கொக்கி கவ்விப் பிடித்துக் கூட்டை வெளியே இழுக்கும். இதில் கவ்வுவதற்கு விளிம்பே இல்லை. பிஸ்கட்டை எலி கொறித்த மாதிரி சுற்றிலும் தேய்ந்து, நசுங்கி, துருத்திக்கொண்டு நின்றது.

ஒரே நாளில், ஒரே வெடியில் வருகிற காயம் இல்லை அது.

கூட்டை ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். புருஷன் அதே நாற்காலியில் இருந்தார். அவர் முன்னால் அதை ‘டக்’ என்று வைத்தாள்.

“இதை என்ன பண்ணீங்க?”

“என்ன பண்ணேன்? சுட்டேன்.”

“அதுக்கு முன்னாடி?”

“ஒண்ணும் பண்ணல. உத்தரவுல உள்ளபடிதான்.”

“அந்த உத்தரவை எனக்குச் செஞ்சு காட்டுங்க. கையால காட்டுங்க.”

அவர் எழுந்து நின்றார். வாசல் துடைப்பத்தை அவர் கையில் கொடுத்தாள். வரிசையில் நிற்பது போலவே நிமிர்ந்தார். “காவல் ஏறும்போது தோட்டா அடுக்கின மேகசினைப் போடணும். போல்ட்டை இழுத்து விடணும். மேல இருக்கிற தோட்டா உள்ள போகும். கைக்குட்டை பார்ப்பாரு. அப்புறம் மேகசினைக் கழட்டி, மறுபடி இழுக்கணும். தோட்டா வெளியே விழும். அதைத் துடைச்சு மேகசின்ல திரும்ப வைக்கணும். காவல் இறங்கும்போதும் அதே.”

“எத்தனை நாளா?”

“சீமாட்டி வந்ததிலேருந்து. கைக்குட்டை போட்ட பதினாலாம் நம்பர் உத்தரவு. துப்பாக்கி வேலை செய்யுதுன்னு தினம் நிரூபிக்கணுமாம்.”

“திரும்ப எங்க வைப்பீங்க?”

“மேலதான்.”

“அதே தோட்டாவை?”

“அதேதான். கொக்கி பட்டு ஏற்கெனவே கீறல் விழுந்தது ஒண்ணு இருக்குல்ல. அது ஒண்ணே போதும்னுதான். இன்னொண்ணை எதுக்குக் கெடுக்கணும்? கீறல் விழுந்த தோட்டா ரெண்டு இருந்தா, சேதம் பண்ணிட்டேன்னு பேர் எழுதுவாரு. எல்லாரும் அப்படித்தான் செய்யறோம்.”

எண்ணெயக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சாயங்காலம் துப்பாக்கிகள் அவளிடம் வரும்; மேகசினும் தோட்டாவும் கண்காணிப்பாளரின் அலமாரிக்குப் போய்ப் பூட்டிக்கொள்ளும். அவள் கண்ணில் அவை பட்டதே இல்லை. பயிற்சிக்கென்றால் புதுப் பெட்டி உடைப்பார்கள். காவல் தோட்டாவை யாரும் சுட்டதே கிடையாது. முதல்முதலாகச் சுட்டது இவர்தான்.

“ஒரு நாளைக்கு ரெண்டு தடவை. எட்டு மாசம். லீவு நாள் போனாக்கூட நானூறு தடவை சீமாட்டி இதைக் கடிச்சுத் துப்பியிருக்கா. கட்டைக்கு அகலமான கொக்கி. நாம மெதுவா இழுப்போம், அதுவும் மெதுவா கவ்வும். இவ அப்படியா? ஸ்பிரிங் வேகத்துல போய் டமால்னு கடிப்பா. அப்படிக் கொறிச்சுப் போட்ட தோட்டா எந்த இடத்துல இருக்கு? மேல. முதல்ல வெடிக்க வேண்டிய இடத்துல.”

“மத்தவங்க...” அவர் தயங்கினார். “கைக்குட்டை பார்க்காதப்ப இழுக்கிற மாதிரி பாவ்லா பண்ணுவாங்க. நான் ஒரு நாளும் விட்டதில்ல.”

“தெரியும்” என்றாள். “உத்தரவை ஒழுங்கா மதிச்ச ஒரே ஆளு நீங்க. ஒழுங்கு தவறினேன்னு எழுதிக் குடுக்கச் சொல்றாங்க உங்களைப் பார்த்து.”

விசாரணை நாளன்று, கைவிடப்பட்ட பழைய குவாரிப் பள்ளத்தில் மூன்று மேஜைகளைப் போட்டிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு துப்பாக்கி. கட்டை, சீமாட்டி, கறுப்பன். மூன்றுக்கும் ஒரே ரகத் தோட்டாதான் பொருந்தும். தலைமை அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி ஒல்லியான மனிதர். மூக்குக்கண்ணாடியின் ஒரு காதை நூலால் கட்டியிருந்தார். காவல் ஏறப்போகிற காவலர்கள் ஏழு பேர், மேகசின் இடுப்பில் தொங்க, ஓரமாக வரிசையில் நின்றார்கள்.

சோதனை தொடங்கியது. புதுப் பெட்டி உடைத்தார்கள். துப்பாக்கிக்குப் பத்துத் தோட்டா. மூன்றும் பத்துக்குப் பத்து வெடித்தன. அடுத்து, மேலே கல்தூசியை அள்ளிக் கொட்டிவிட்டுச் சுட்டார்கள். கட்டை பத்து. கறுப்பனும் பத்து, ஆனால் குறி அட்டையில் விழுந்தது நான்குதான். சீமாட்டி ஒரு தடவை திக்கிவிட்டு, உதறிக்கொண்டு மிச்சத்தை முடித்தாள். பிறகு வாளித் தண்ணீரில் முக்கி எடுத்தார்கள். அப்போதும் பெரிய வித்தியாசமில்லை.

கண்காணிப்பாளரின் முகம் மலர்ந்தது. “பார்த்தீங்களா சார்? எந்த ரகத்துலயும் கோளாறு இல்லை. தண்ணியில முக்கினாலும் சுடுது. மிச்சம் இருக்கிறது ஆளோட கவனக்குறைவு மட்டும்தான்.” பேனாவின் மூடியைத் திருகி எண்ணெயக்காவின் புருஷனிடம் நீட்டினார். “போடப்பா. பெரிய மனசு பண்ணித்தான் கேட்டுக் காவலோட விடறோம்.”

அவர் பேனாவை வாங்கவில்லை. ஆனால் கை பாதி எழுந்தது.

“சார்!”

கந்தைத் துணி மூட்டையோடு பின்னால் நின்ற எண்ணெயக்கா முன்னே வந்தாள்.

“ஒரே ஒரு சந்தேகம் சார். சோதனை பண்ணின தோட்டா எந்தப் பெட்டி?”

“நீ துணி பிழியறவ. உன் வேலையைப் பாரு” என்றார் கண்காணிப்பாளர்.

“அதைத்தான் சார் பார்க்கிறேன். துடைக்கலேன்னு நீங்க எழுதியிருக்கிறது என் வேலையைப் பத்தி.” அதிகாரியின் பக்கம் திரும்பினாள். “மூணு துப்பாக்கிக்கும் பரீட்சை வெச்சீங்க. தோட்டாவுக்கு யாரு வெச்சா? அன்னிக்கு என் வீட்டுக்காரர் சுட்டது புதுப் பெட்டித் தோட்டா இல்ல.”

கொறிபட்ட கூட்டை மேஜைமேல் தலைகீழாக நிறுத்தினாள். அதிகாரி குனிந்து பார்த்தார். விரலால் விளிம்பைத் தடவினார்.

“இது எப்படி ஆச்சு?”

அவள் சொன்னாள். மூச்சு வாங்காமல், ஒரு சொல்லும் வீணாக்காமல் சொன்னாள். கண்காணிப்பாளர் இரண்டு தடவை குறுக்கே புகுந்தார். இரண்டு தடவையும் அதிகாரி கையைக் காட்டி அடக்கினார்.

“சரிம்மா. அதே மாதிரித் தோட்டா வேற இருக்கா, சுட்டுப் பார்க்க?”

“அதெல்லாம் முடியாது சார்!” கண்காணிப்பாளரின் குரல் உச்சத்துக்கு ஏறியது. “காவல் தோட்டாவை எடுக்கணும்னா தலைமை அலுவலக அனுமதி வேணும். என் ஆளுங்க யாருகிட்டயும் அந்த மாதிரிச் சேதமான தோட்டா கிடையாது. நானே தினம் பார்க்கிறேன்.”

பள்ளத்தில் காற்று சுற்றி வந்தது. எண்ணெயக்கா வரிசையின் ஏழு முகங்களையும் பார்த்தாள். தினமும் ‘அக்கா, அக்கா’ என்று துப்பாக்கி கேட்டு வந்து நிற்கிற முகங்கள். இப்போது அவற்றில் ஐந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

“என்னப்பா, ஒருத்தர்கிட்டயும் இல்லையா?” என்றாள். “அடுத்த தடவை வேலிக்கிட்ட ஓடப் போறது உங்கள்ல யாரோட மச்சானோ. அதையும் யோசிச்சுக்குங்க.”

வரிசையின் கடைசியில் நின்றவன் எல்லோரையும்விட உயரம்; ஆறடி என்றுதான் கூப்பிடுவார்கள். “எங்கிட்ட இருக்குக்கா” என்றான். “பேர் எழுதறதுன்னா எழுதிக்கட்டும். ரெண்டு மாசமா இதை யாருகிட்டயாவது காட்டிடலாமான்னு பார்த்துக்கிட்டு இருக்கேன்.” மேகசினின் மேல் தோட்டாவைக் கட்டைவிரலால் உருவிக் கொண்டுவந்து மேஜையில் வைத்தான்.

அப்புறம் தடுக்க ஆள் இல்லை. ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவன் வைக்கும்போது கண்காணிப்பாளரை நேராகப் பார்த்தான். இன்னொருவன் பார்க்கவே இல்லை. ஏழு தோட்டாக்கள், அடி மேலாக. ஏழிலும் எலி கொறித்த விளிம்பு.

“சுடுங்க” என்றார் அதிகாரி.

கொறிபட்டதை மேலே, புதியதை அடியில் வைத்தார்கள். முதலில் கட்டைக்கு இரண்டு. இரண்டும் வெடித்தன; இரண்டாவது கூடு வர அடம்பிடித்தது. சுட்டவர் உள்ளங்கையால் போல்ட்டை ஓங்கி அடிக்க, மனமில்லாமல் வந்து விழுந்தது. கறுப்பனுக்கு இரண்டு. ஒன்று போனது, ஒன்று நின்றது.

சீமாட்டிக்கு மூன்று. முதல் தோட்டா வெடித்தது. அடுத்த கணம் அரைகுறையாக ஒரு சத்தம். போல்ட் பாதியில் நின்றது. சுட்டவர் இழுத்தார். வரவில்லை. காலை ஊன்றி இழுத்தார். அப்போதும் வரவில்லை. பார்த்துக்கொண்டிருந்த எண்ணெயக்காவின் புருஷன் தன்னையறியாமல் ஓர் அடி முன்னால் வந்துவிட்டார். அன்றைக்கு அவர் போட்ட மல்லுக்கட்டை இன்றைக்கு இன்னொருவன் கையில் பார்த்தார். எண்ணெயக்கா வாய்ப்பக்கம் கம்பியை விட்டுத் தட்டிக் கூட்டைத் தள்ளினாள். இரண்டாவது தப்பியது. மூன்றாவது மறுபடி அடைத்தது.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தார். எழுதியதை உரக்கப் படித்தார். “தோட்டா தேய்மானமே காரணம். எவர்மீதும் குற்றமில்லை. சரிதானே? எல்லாரும் வேலைக்குப் போகலாம்.”

கண்காணிப்பாளர் மூச்சு விட்டார். “நல்ல முடிவு சார்.”

“அது எப்படி சார்?”

யார் குரல் என்று புரிய எல்லோருக்கும் ஒரு நொடி ஆனது. எண்ணெயக்காவின் புருஷன்.

“என்னப்பா, உன்னைத்தான் விட்டாச்சே” என்றார் அதிகாரி.

“எவர்மீதும்னா எப்படி சார்? தோட்டா தானாத் தேயுமா? என்மேல போடறப்ப ‘என் பொறுப்பில் இருந்த துப்பாக்கி’ன்னு தெளிவா எழுதினாங்க. எட்டு நாளா என் மச்சான் கட்டிலுக்குப் பக்கத்துல போக முடியாம வாசல்லயே நிக்கிறேன். யாரு மேலயும் இல்லேன்னா நான் அவன்கிட்ட போய் என்ன சொல்லுவேன்? பதினாலாம் நம்பர் உத்தரவுன்னு எழுதுங்க. யாரு போட்ட உத்தரவுன்னும் எழுதுங்க. அந்தக் காகிதத்துக்கு நான் சாட்சிக் கையெழுத்துப் போடறேன்.”

அவர் ஒரு மாதத்தில் பேசுகிற பேச்சு அது. பேசி முடித்ததும் நெற்றி வியர்த்துவிட்டது.

அதிகாரி ‘எவர்மீதும் குற்றமில்லை’ என்ற வரியை அடித்துவிட்டு எழுதினார். நீளமாகவே எழுதினார். எண்ணெயக்காவின் புருஷன் கையெழுத்துப் போட்டார். ஆறடி போட்டான். மீதி ஆறு பேரும் கேட்காமலே வரிசையில் வந்து போட்டார்கள்.

கண்காணிப்பாளருக்குக் கோபத்தைக் கொட்ட ஓர் இடம் வேண்டியிருந்தது. சீமாட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்த எண்ணெயக்காவின் பக்கம் திரும்பினார்.

“நாளையிலேருந்து நீ வர வேணாம்.”

அவள் கட்டையை இடது கையிலும் கறுப்பனை வலது கையிலும் எடுத்தாள்.

“எழுதிக் குடுங்க சார்.”

“என்ன?”

“வர வேணாம்னு எழுதிக் குடுங்க. ஏன்னும் போடுங்க. காரணம் இல்லாத காகிதத்தை எங்க வீட்டுல யாரும் வாங்கறதில்ல.”

கண்காணிப்பாளர் பேனாவைத் திறந்தார். ஒரு தாளையும் எடுத்தார். தேதியை எழுதினார். அதற்குக் கீழே பேனா போய் நின்றது. எதிரே அதிகாரி கன்னத்தில் கையை ஊன்றிக்கொண்டு, அடுத்த வரியைப் படிக்க ஆவலாகக் காத்திருந்தார்.

“அவசரமில்ல சார், யோசிச்சே எழுதுங்க” என்றாள் எண்ணெயக்கா, சரிவில் ஏறிக்கொண்டே. “நான் ஆயுத அறையிலதான் இருப்பேன்.”